நலம், நலமறிய ஆவல்

குருவாக அருள்பொழிவு பெற்ற புதிதில், 1990களின் பிற்பகுதியில், நமக்கு வாய்த்த பணிகளுள் ஒன்று பிறருடைய கடிதங்களைப் படித்துச் சொல்வது. வளைகுடா நாடுகளுக்குக் கட்டட வேலைக்கும் ஓட்டுநர் வேலைக்கும் போன பிள்ளைகளின் கடிதங்களை முந்தானையில் முடிந்துகொண்டு, மாலைச் செபமாலை முடிந்த கையோடு தாய்மார் பங்கு இல்லத்துத் திண்ணைக்கு வருவார்கள். எந்த உறையைப் பிரித்தாலும் முதல் வரி ஒன்றே: "நலம், நலமறிய ஆவல்." அந்த வரியைக் கேட்டதும் தாயின் முகம் மலரும். மீதிக் கடிதத்தை அவர் பாதிக் காதில்தான் வாங்குவார். பிள்ளை நலமாயிருக்கிறான், வேறென்ன வேண்டும்?

அவ்வாறு எழுதிய இளைஞன் ஒருவன் ஈராண்டு கழித்து ஊர் திரும்பியபோது, ஒரு மாதம் முழுவதும் மஞ்சள் காமாலையில் படுத்துக் கிடந்ததைப் பேச்சுவாக்கில் சொன்னான். அந்த மாதக் கடிதத்தையும் நாம்தாம் படித்துக் காட்டியிருந்தோம். அதிலும் அதே முதல் வரிதான். "ஏனப்பா எழுதவில்லை?" என்று கேட்டோம். "எழுதினா அம்மா சோறு தின்னாது, சாமி" என்றான். அன்று அதைத் தாயன்பு என்று மெச்சினோம். ஒரு ஞாயிறு மறையுரையில் எடுத்துக்காட்டாகவும் சொன்னோம். அந்த மெச்சுதல் எவ்வளவு பிழையானது என்பதை நாம் உணர இருபது ஆண்டுகளும், எருசலேம் வரையிலான ஒரு பயணமும் தேவைப்பட்டன.

ஆரணியை அடுத்த சேவூரைப் பட்டு அறிந்தவர்கள் அறிவார்கள். தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறியோசை கேட்கும். விடியற்காலையில் தெரு நெடுகப் பாவு நீட்டித் தோய்ப்பார்கள். குழித்தறியில் கால்களை இறக்கி உட்கார்ந்தால் எழுந்திருக்க மாலையாகும். உட்கார்ந்தே உழைக்கும் தொழிலுக்குரிய நோய்கள் அவர்களையும் விடுவதில்லை: முதுகுவலி, மூட்டுவலி, சர்க்கரை, இரத்த அழுத்தம். ஆயினும் சர்க்கரை இருப்பதைப் பலர் மருந்துக் கடைக்காரரைத் தவிர வேறு யாரிடமும் சொல்வதில்லை. பெண் கொடுக்கத் தயங்குவார்கள், முதலாளி அடுத்த பாவு கொடுக்கத் தயங்குவார் என்ற அச்சம். நோய் என்பது அங்கே உடலின் செய்தியன்று, குடும்பத்தின் மறைபொருள்.

2011இல் தமிழக அரசு கிறிஸ்தவர்களின் எருசலேம் திருப்பயணத்திற்கு உதவித்தொகைத் திட்டத்தை அறிவித்த பின்னர், திருநாட்டைக் காண்பது நெசவாளர் குடும்பங்களுக்கும் எட்டக்கூடிய கனவாயிற்று. உதவி கிடைக்காதவர்களும் சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்தார்கள். 2018 அக்டோபரில் பல பங்குகளிலிருந்து சேர்ந்த நாற்பத்திரண்டு பேர் கொண்ட குழுவை வழிநடத்தும் பொறுப்பு நம்மிடம் வந்தது. யோர்தான், திருநாடு, எகிப்து எனப் பத்து நாள் பயணம். சேவூரிலிருந்து வந்தவர்களுள் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க நெசவாளர் ஒருவரும் இருந்தார். ஆறு ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். ஊரைவிட்டு அவர் போன மிகத் தொலைவான இடம் அதுவரை வேளாங்கண்ணி.

புறப்படுவதற்கு முன் மூன்று ஆயத்தக் கூட்டங்கள் நடத்தினோம். சிலுவைப்பாதைப் பாடல்களை அச்சிட்டுக் கொடுத்தோம். திருத்தலங்களின் விவிலியப் பின்னணியை வரைபடத்துடன் விளக்கினோம். கடவுச்சீட்டின் நகல் மும்மூன்று பிரதிகள் வாங்கி அடுக்கி வைத்தோம். உடலைப் பற்றி நாம் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "நடை அதிகம்; உடல்நலம் உள்ளவர்கள் மட்டும் பெயர் கொடுங்கள்." சொல்லும்போது அது பொறுப்பான சொல்லாகவே நமக்குத் தோன்றியது. பயணக் காப்பீட்டுப் படிவத்தில் 'முன்பே உள்ள நோய்கள்' என்றொரு கட்டம் இருந்தது. பயண முகவர், என்ன எழுதுவது என்று நம்மைக் கேட்டார். "எல்லாருக்கும் 'இல்லை' என்றே போட்டுவிடுங்கள். வயதானவர்கள், கேட்டால் மிரண்டுபோவார்கள்" என்றோம். நமக்கும் அப்படியே போடப்பட்டது. நாம் எட்டு ஆண்டுகளாக இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொள்பவர். அதைப் பங்கில் எவரும் அறியார்.

பயணத்தின் ஐந்தாம் நாள். சந்தை திறந்து கூட்டம் சேர்வதற்குள் சிலுவைப்பாதையை முடித்துவிட வேண்டும் என்பதால் பெத்லகேம் விடுதியிலிருந்து விடியுமுன்னே கிளம்பினோம். திரும்பி வந்து காலை உணவு என்பது ஏற்பாடு. எருசலேம் பழைய நகரின் வழுவழுப்பான கல்தெருவில், மரச்சிலுவையை மாற்றி மாற்றிச் சுமந்து, தமிழில் பாடிக்கொண்டு நடந்தோம். மூன்றாம் நிலையைக் கடந்து திரும்புகையில் பெரியவரின் பாட்டு மட்டும் குழறியது. திரும்பிப் பார்த்தோம். குளிர்ந்த காலை, அவர் சட்டையோ வியர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது. "தறியை யார் நிறுத்தினது?" என்று யாரையோ கேட்டார். அடுத்த நொடி சுவரோடு சரிந்தார்.

நாம் கண்ணை மூடிச் செபிக்கத் தொடங்கினோம். நம் குழுவில், சவூதியில் செவிலியாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர் இருந்தார். அவர் பெரியவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நம்மை உலுக்கிக் கேட்டார்: "சாமி, இவர் சர்க்கரைக்கு மாத்திரை போடுறவரா?" நமக்குத் தெரியவில்லை. அறையில் உடன் தங்கியவருக்கும் தெரியவில்லை. நாற்பத்திரண்டு பேரின் கடவுச்சீட்டு எண்களும் நம் கைப்பையில் இருந்தன. ஒருவருடைய நோயின் பெயர்கூட நம்மிடம் இல்லை.

அப்போதுதான் கடையைத் திறந்துகொண்டிருந்த அரபு முதியவர் ஒருவர், யாரும் கேட்காமலே, தமக்கென வைத்திருந்த தேநீரில் சர்க்கரையை அள்ளிப்போட்டுக் கலக்கிக்கொண்டு ஓடி வந்தார். "விழுங்க முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது" என்றார் அம்மையார். பெரியவரின் உதடு அசைந்தது. மடக்கு மடக்காகப் புகட்டினார். நம் வழிகாட்டி 101 என்ற எண்ணை அழைத்தார்; அந்நாட்டில் அவசர மருத்துவ ஊர்திக்கு அதுவே எண் என்பதையும் நாம் அன்றுதான் அறிந்தோம். குறுகிய தெருவுக்குள் ஊர்தி வராது. கடைக்காரரின் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, நால்வர் தூக்கிக்கொண்டு தமஸ்கு வாயில் வரை நடந்தார்கள். சிலுவையை நாம் சுமந்துகொண்டு பின்னால் போனோம். பாடல் நின்றுவிட்டிருந்தது.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து சாப்பிடுகிறார்?" என்பது. பெரியவரின் பையைத் துழாவினோம். பட்டுத் துணியின் வெட்டுத் துண்டில் தைத்த சுருக்குப் பை ஒன்றில், உறையிலிருந்து பிரித்தெடுத்த மாத்திரைகள் உதிரியாகக் கிடந்தன. உறையோடு வைத்திருந்தால் யாரேனும் படித்துவிடுவார்கள் அல்லவா? "சிறிய வெள்ளை மாத்திரை, பெரிய வெள்ளை மாத்திரை" என்பதற்கு மேல் நம்மால் ஒன்றும் சொல்ல இயலவில்லை.

சேவூருக்குத் தொலைபேசினோம். எருசலேமில் காலை ஆறேமுக்கால். அங்கே ஒன்பதே கால். பின்னணியில் தறியோசை கேட்டது; நாம் பேசத் தொடங்கியதும் அது நின்றது. மகன் ஆரணிக்கு ஓடி, மருந்துக் கடைக்காரரையே பேச வைத்தான். அவர் சொன்ன வணிகப் பெயர்கள் எருசலேம் மருத்துவருக்குப் புரியவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் ஒரே மருந்து வேறு வேறு பெயரில் விற்கிறது. மருந்தின் மூலப்பெயரைச் சொன்னபின்தான் அவர் முகம் தெளிந்தது: மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைடு. இரண்டாவதுதான் காரணம் என்றார். உணவு உண்ணாதபோதும் அது இரத்தச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். ஒருமுறை தேறிய பின்னும் மறுபடி இறக்கிவிடக்கூடும். ஆகவே ஒரு நாள் முழுவதும் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

நடந்ததைப் பின்னர் அறிந்தோம். ரொட்டியும் கொண்டைக்கடலை மசியலும் பிடிக்காமல் பெரியவர் நான்கு நாட்களாகச் சரியாக உண்ணவில்லை. தறிக்குழியில் உட்கார்ந்தே பழகியவர், நாள்தோறும் பல கல் தொலைவு நடந்தார். சிலுவைப்பாதைக்கென்று முந்திய இரவும் உண்ணாமல் ஒறுத்தல் செய்தார். மாத்திரையை மட்டும் ஊரில் போட்ட அளவிலேயே தவறாமல் போட்டுக்கொண்டார். குறைந்த உணவு, கூடிய நடை, குறையாத மருந்து. மூன்றில் ஒன்றையாவது முன்கூட்டி யாரிடமாவது சொல்லியிருந்தால் அந்தக் காலை அப்படி விடிந்திராது.

மாலையில் கட்டிலருகே உட்கார்ந்திருந்தோம். "ஏன் பெரியவரே சொல்லவில்லை?" என்றோம். சற்று நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான சாமி, ஒடம்பு நல்லா இருக்கிறவங்க மட்டும் பேரு குடுங்கன்னீங்க. சொல்லியிருந்தா என்னை வுட்டுட்டுத்தான வந்திருப்பீங்க."

நம்மிடம் விடையில்லை. சிறிது பொறுத்து அவர் மீண்டும் நம் கையைப் பற்றினார். "வூட்ல ஒண்ணும் சொல்லிடாதீங்க சாமி. பயந்துடுவாங்க." வீட்டில் எல்லாரும் அறிந்துவிட்டார்கள் என்று சொன்னபோதுதான் அவர் அழுதார். நோய் வந்ததற்காக அழாதவர், நோய் தெரிந்துவிட்டதற்காக அழுதார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பிலிப்பியருக்குத் திருத்தூதர் பவுல் எழுதிய மடல் நினைவுக்கு வந்தது. குருமடத்தில் அம்மடலின் இரண்டாம் அதிகாரத்தை, கிறிஸ்து தம்மையே வெறுமையாக்கியதைப் பாடும் பகுதிக்காக வரி வரியாகப் படித்திருக்கிறோம். அதே அதிகாரத்தின் இறுதியில் வரும் எப்பப்பிராதித்துவை விரைந்து கடந்து போயிருந்தோம். சிறையிலிருந்த பவுலுக்கு உதவிப் பொருளைச் சுமந்துகொண்டு பிலிப்பியிலிருந்து நெடும்பயணம் வந்தவர் அவர். வந்த இடத்தில் சாகும் தறுவாய்க்கு நோயுற்றார். பவுல் குறிப்பிடும் ஒரு செய்தி வியப்பானது: தாம் நோயுற்ற செய்தி ஊரை எட்டிவிட்டதே என்றுதான் அவர் மனம் கலங்கினாராம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பிலிப்பியைச் சேர்ந்தவரும் இன்று சேவூரைச் சேர்ந்தவரும் ஒரே கண்ணீரைத்தான் சிந்துகிறார்கள்.

ஆனால் பவுல் அதை மறைக்கவில்லை. நோய் வந்ததையும், அது எவ்வளவு கடுமையானது என்பதையும், இறைவன் இரங்கியதையும், தாம் வருந்தியதையும் சபையார் அனைவரும் கூடியிருந்து வாசிக்கும் மடலில் எழுதுகிறார். அவரை மதிப்போடு வரவேற்குமாறும் கேட்டுக்கொள்கிறார். நோயுற்றுத் திரும்புகிறவர் தோற்றுத் திரும்புகிறவர் என்று ஊர் எண்ணிவிடக்கூடாது அல்லவா? கலாத்தியரிடமும் தாம் முதன்முதல் அவர்களிடம் நற்செய்தி அறிவிக்க வாய்த்ததற்குத் தம் உடல்நலக் குறைவே காரணம் என்று வெளிப்படையாகச் சொல்கிறார். திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் மடலின் இறுதியில், நோயுற்றிருந்த துரோப்பிமை மிலேத்துவில் விட்டுவிட்டு வந்ததாக ஒரு குறிப்பு உண்டு. எத்தனையோ நோயாளிகளைக் குணமாக்கிய கைகள் அவருடையவை. உடன்பயணியைக் குணமாக்க முடியாததை அவர் மூடி மறைக்கவில்லை. ஒருவரை உரிய இடத்தில் விட்டுப் போவது வேறு, கைவிடுவது வேறு என்பதையும் அச்சிறு குறிப்பில் கண்டோம். பெரியவர் அஞ்சியது கைவிடப்படுவதை. அந்த அச்சத்தை அவருள் விதைத்தது நம் ஒற்றை வாக்கியம்.

மருத்துவமனைக் கட்டணத்தைத் தரக் காப்பீட்டு நிறுவனம் மறுத்தது. முன்பே இருந்த நோய், அறிவிக்கப்படவில்லை என்றார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல நமக்கு வாயில்லை. 'இல்லை' என்று போடச் சொன்னது நாம்தான். குழுவினர் தங்கள் கைச்செலவுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஒலிவ மரத்தில் செதுக்கிய குடில் வாங்க வைத்திருந்த பணம், பேரப்பிள்ளைகளுக்குச் செபமாலை வாங்க வைத்திருந்த பணம்.

சில நாட்கள் கழித்துச் சீனாய் மலையடிவாரத்தை அடைந்தோம். 2,285 மீட்டர் உயரமுள்ள அம்மலையின்மீது நள்ளிரவுக்குப் பின் ஏறத் தொடங்கி, உச்சியில் கதிரவன் எழுவதைக் காண்பது வழக்கம். பேருந்தில் ஒலிபெருக்கியைக் கையிலெடுத்தோம். "பெரியவர் ஏறமாட்டார், அவருடன் நாமும் கீழே தங்குகிறோம். நமக்கு எட்டு ஆண்டுகளாக இரத்த அழுத்தம். மாத்திரை சாப்பிடுகிறோம். அதை உங்களிடம் மறைத்துவிட்டோம். படிவத்தில் பொய் எழுதச் சொன்னதும் நாம்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றோம்.

பேருந்தில் அமைதி. பிறகு பின்னிருக்கையிலிருந்து ஒரு பெண்மணி, "எனக்கும் சர்க்கரை இருக்குது சாமி" என்றார். ஒருவர் நெஞ்சில் குழாய் வைத்திருப்பதைச் சொன்னார். ஓர் இளைஞர் வலிப்புக்கு மருந்து எடுப்பதைச் சொன்னார். அவருடைய உறவினருக்கே அது புதுச் செய்தி. நம்மையும் பெரியவரையும் சேர்த்துப் பதினொருவர். பாதிக்கு மேல் பயணம் முடிந்த பின்னரே நாம் யாருடன் பயணம் செய்கிறோம் என்று அறிந்தோம். செவிலி அம்மையார் ஒரு தாளில் பெயரும் மருந்தும் குறித்துக்கொண்டு வந்தார். ஒப்புரவுத் தொட்டியில் பல ஆண்டுகள் அமர்ந்திருக்கிறோம். அந்தப் பேருந்தில் நிலவிய இலேசை அரிதாகவே கண்டிருக்கிறோம்.

ஊர் திரும்பிய சில வாரங்களில் வேலூருக்குப் போக நேர்ந்தது. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கிய மருத்துவப் பணி, இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்பதை வாசகர் அறிவர். வங்காளம், சார்க்கண்டு, வடகிழக்கு மாநிலங்கள், வங்காளதேசம் என எங்கெங்கிருந்தோ மக்கள் அங்கே வருகிறார்கள். 2024 ஆகஸ்டுக்குப் பின் விசாக் கட்டுப்பாட்டால் வங்காளதேசத்தவரின் வருகை குறைந்தது எனினும், விடுதிகளின் பெயர்ப்பலகைகளில் வங்காள எழுத்து நமக்கெல்லாம் பழகிய காட்சி. அத்தெருவில் எத்தனையோ முறை நடந்திருக்கிறோம். அன்றுதான் அவர்களின் கைகளைப் பார்த்தோம். ஒவ்வொருவரும் நெகிழி உறையில் இட்ட கோப்பொன்றை நெஞ்சோடு அணைத்திருந்தார்கள். பழைய சீட்டுகள், எக்ஸ்ரே படங்கள், மருந்துப் பெயர்கள், எல்லாம் நாள்வரிசைப்படி. மொழி தெரியாத ஊரில் அந்தக் கோப்புதான் அவர்களுக்காகப் பேசுகிறது. அவர்கள் நோயை நெஞ்சில் ஏந்தி வருகிறார்கள். நாமோ நோயைச் சுருக்குப் பையில் ஒளித்துக்கொண்டு போனோம்.

2024 சூனில் மெக்காவில் நிகழ்ந்த துயரமும் நம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. கடும் வெயிலில் ஹஜ் பயணிகள் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் நூற்றுக்கு எண்பத்துமூவர் முறையான பதிவின்றி வந்து, நிழலும் ஓய்வுமின்றி நெடுந்தொலைவு நடந்தவர்கள். புனித இடத்தைக் காணவேண்டும் என்ற தாகம் எந்தச் சமயத்தாருக்கும் ஒன்றுதான். பட்டியலில் இடம்பெறாத பயணியை எந்தக் கூடாரம் தேடும்? சொல்லப்படாத நோயும் பட்டியலில் இல்லாத பயணியைப் போன்றதே. தேடி வந்து உதவ யாராலும் இயலாது.

இப்போது நம்மிடம் பயண ஆசி பெற வருவோரிடம் செபத்திற்கு முன் சில செய்திகள் பேசுகிறோம். சேவூர், ஆரணிப் பகுதிகளிலிருந்து வேலைக்குப் போகிற பிள்ளைகள், மகள் பேறுகாலத்திற்கு அயல்நாடு போகிற தாய்மார், ஆப்பிரிக்க மறைத்தளங்களுக்குச் செல்லும் அருள்சகோதரிகள் என்று பலரும் வருகிறார்கள்.

புறப்படுவதற்கு நான்கைந்து வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள் என்கிறோம். நோயின் பெயர், மருந்தின் மூலப்பெயர், அளவு, இரத்த வகை இவற்றை ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் ஒன்று கடவுச்சீட்டோடு இருக்கட்டும். மாத்திரைகள் உறை பிரிக்காமல், தேவைக்கு மேல் சில நாட்களுக்குக் கூடுதலாகக் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டி வேறு ஊருக்குப் போய்விடுவது உண்டு. இன்சுலினைப் பெட்டியில் வைத்தால் விமானத்தின் அடிப்பகுதிக் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். குளிர்பதனப் பெட்டி இல்லாத இடத்தில், ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்துக் காப்பது நம் பாட்டிமாருக்கும் புரியும் வழி. மணிக்கணக்கு மாறும் நாட்டில் எந்த வேளைக்கு எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். நெடுநேர விமானத்தில் கால்களைத் தொங்கவிட்டபடியே உறங்கினால் காலில் இரத்தம் கட்டக்கூடும். இடையிடையே எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும்.

ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவை. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிறுவனம் அதற்கான அங்கீகரிக்கப்பட்ட மையங்களுள் ஒன்று. பயணத்திற்குப் பத்து நாட்களுக்கு முன்னரே போட்டாக வேண்டும். 2016 முதல் அச்சான்று வாழ்நாள் முழுதும் செல்லும். மலேரியாவுக்குத் தடுப்பு மாத்திரையும் கொசுவலையும் வேண்டும். விடுமுறைக்கு ஊர் வந்த சகோதரிகளுக்குக் காய்ச்சல் கண்டால், எந்த நாட்டிலிருந்து வந்தோம் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். மாதங்கள் கடந்து வரும் மலேரியாவும் உண்டு.

வளைகுடாவுக்குப் போகிறவர்களின் தாய்மாரிடம் கசகசாவைப் பற்றிப் பேசுகிறோம். நம் குருமாவுக்கு மணமூட்டும் அது, சவூதியிலும் ஐக்கிய அரபு நாடுகளிலும் போதைப்பொருளாகக் கருதித் தடைசெய்யப்பட்டது. மசாலாப் பொட்டலம் ஒன்று பிள்ளையைச் சிறைக்கு அனுப்பக்கூடும். இங்கே எளிதாகக் கிடைக்கும் வலிமருந்துகள், இருமல் மருந்துகள் சிலவற்றுக்கும் அங்கே அதே நிலை. மருத்துவர் சீட்டின்றிக் கொண்டுபோகலாகாது.

பத்தாம் வகுப்பு முடிக்காமல் தறியில் உட்கார்ந்துவிட்டுப் பின்னர் அயல்நாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குக் குடியேற்ற அனுமதியோடு பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 இலட்ச ரூபாய் தரும் அதன் தாளைப் பலர் பிரித்துப் படிப்பதுமில்லை. ஐரோப்பாவின் செங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். எந்தக் காப்பீடாயினும் நோய்க்கட்டத்தில் உண்மையை எழுதுங்கள். தொகை சற்றுக் கூடினாலும் கூடட்டும். பணமின்றி நோயில் சிக்கினால் இந்தியத் தூதரகத்தை அணுகுங்கள். 2009இல் ஏற்பட்ட இந்தியச் சமூக நல நிதி அத்தகையோருக்காகவே உள்ளது. இறங்கும் நாட்டின் அவசர எண்ணை மனப்பாடம் செய்யுங்கள்: சவூதியில் 997, அமீரகத்தில் 998, சிங்கப்பூரில் 995, ஐரோப்பாவில் 112.

இவை எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்றைக் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் நோயை உடன்வரும் ஒருவரேனும் அறிந்திருக்கட்டும். தோபித்து தம் மகனை நெடும்பயணத்திற்கு அனுப்புகையில், வழி அறிந்த துணை ஒருவரைத் தேடிச் சேர்த்த பின்னரே அனுப்புகிறார். அத்துணைவர் இரபேல், 'கடவுள் நலமளிக்கிறார்' என்பது அப்பெயரின் பொருள். வழித்துணையும் நலமளிப்பும் ஒரே ஆளிடம் இருந்ததை நம் மறைநூல் சொல்கிறது. வழித்துணைவரிடமே நலத்தை மறைத்தால் இரபேலும் என்ன செய்வார்? குருக்களும் குழுத்தலைவர்களும், உடல்நலம் உள்ளவர்கள் மட்டும் வாருங்கள் என்று சொல்லாதிருப்போமாக. "உங்கள் உடல் எப்படியிருக்கிறது, சொல்லுங்கள்; எப்படிக் கூட்டிப்போகலாம் என்று பார்ப்போம்" என்று சொல்வோமாக. 2023 அக்டோபரில் தொடங்கிய போர் திருநாட்டுப் பயணங்களைக் குலைத்துப்போட்டது. அமைதி திரும்பி மீண்டும் குழுவோடு போக இறைவன் அருளினால், நம் முதல் ஆயத்தக் கூட்டம் இதைப்பற்றியதாகவே இருக்கும்.

பெரியவர் இப்போது தறியில் அமர்வதில்லை. கண் பார்வை மங்கிவிட்டது. சென்ற ஆண்டு அவருடைய பேரன் சவூதிக்கு ஓட்டுநர் வேலைக்குப் போனான். ஆசி பெற வந்தபோது, பாட்டி அரைத்துக் கொடுத்த குழம்புப்பொடிப் பொட்டலத்தைப் பெரியவரே பிரித்து முகர்ந்து, "கசகசா போட்டியா?" என்று மனைவியை விசாரித்தார். பேரனுக்கு ஒவ்வாத மருந்து ஒன்று உண்டு. அதன் பெயரைத் தாளில் எழுதி, தம் பழைய பட்டுச் சுருக்குப் பையில் வைத்துக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் பெரியவர் நம்மிடம் வந்து கைபேசியை நீட்டினார். பேரனின் செய்தி. மூன்று நாளாகக் காய்ச்சல், மருத்துவரைப் பார்த்தேன், டெங்கு இல்லை என்றார்கள், இன்ன மாத்திரை கொடுத்தார்கள், இன்று கஞ்சி குடித்தேன் என்று எழுதியிருந்தான். திண்ணையில் உட்கார்ந்து நாம் படித்துக்காட்டிய அத்தனை கடிதங்களிலும் இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

"பாட்டி சாப்பிட்டாரா?" என்று கேட்டோம்.

"சாப்பிட்டா சாமி. அழுதுகினே சாப்பிட்டா."